கப்பலில் கைக்காசு: எங்கே எடுத்தால் நஷ்டம் குறைவு?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும், மனைவியின் தங்கையும் அவர் கணவருமாக நான்கு பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டார்கள். சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கலும் உண்டு. வெளிநாட்டுப் பயணம் அவருக்கு இதுவே முதல் தடவை. கடல் நடுவில் கையில் காசு தீர்ந்துபோனால் யாரிடம் கேட்பது என்பதுதான் அவருடைய கவலை. கையில் இருப்பவை பென்ஷன் கணக்கின் ரூபே டெபிட் கார்டும் ஒரு விசா கிரெடிட் கார்டும்.

தனக்குத் தோன்றியதும் பிறர் சொன்னதுமாக நான்கு வழிகளை எழுதியிருக்கிறார். தனக்கும் மனைவிக்குமாக ஒன்றரை லட்சம் ரூபாயை நோட்டாகவே எடுத்துப்போய்க் கப்பலில் மாற்றிக்கொள்வது ஒன்று. கிரெடிட் கார்டைக் கப்பல் ஏடிஎம்மில் போட்டு டாலர் எடுப்பது இரண்டாவது. 45 நாள் வட்டி கிடையாதே என்கிறார். மூன்றாவது, முன்பு ஒரு தடவை கப்பலில் போய்வந்த அவருடைய சகலை சொன்னது: காசினோவில் அறைக் கார்டைக் காட்டினால் கட்டணமே இல்லாமல் ரொக்கம் தருவார்களாம். நான்காவது, தெரிந்தவர் ஒருவர் நீட்டிய உதவிக்கரம்: இங்கே ரூபாயைக் கொடுத்துவிடுங்கள், சிங்கப்பூரில் என் ஆள் டாலரைக் கையில் தருவார், கமிஷன் வேண்டாம். இதற்கெல்லாம் 20 சதவீத வரி வேறு பிடிப்பார்களாமே என்றும் கேட்டிருக்கிறார்.

வணக்கம் ஐயா. அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான்கில் ஒன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலாவதும் நான்காவதும் சட்டத்தில் இடிக்கும். நடுவில் இருக்கும் இரண்டும் கையைக் கடிக்கும். அதைவிட முக்கியமாக, கப்பலில் உங்களுக்கு இவ்வளவு ரொக்கம் தேவையே இல்லை.

கப்பலுக்குள் நோட்டுக்கு வேலை குறைவு

கப்பல் ஏறும்போது ஆளுக்கொரு கார்டு தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், பற்றுக் கணக்கும் அதுதான். காபி, ஜூஸ், கடையில் வாங்கும் தொப்பி, போட்டோ எல்லாமே அந்தக் கார்டைத் தட்டினால் உங்கள் கணக்கில் ஏறும். கடைசி நாளில் மொத்தமாகக் கழித்துக்கொள்வார்கள். உள்ளே நோட்டை நீட்டினால் பெரும்பாலான கவுண்டர்களில் வாங்கவே மாட்டார்கள். நோட்டு செல்லும் இடம் காசினோ மேஜையும் வரவேற்புக் கவுண்டரும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைச் சுத்தம் செய்பவருக்கும் சாப்பாடு பரிமாறுபவருக்கும் தினமும் டிப்ஸ் கொடுக்க வேண்டுமே என்று கேட்டிருந்தீர்கள். அதையும் கணக்கில் அவர்களே ஏற்றிவிடுவார்கள். பல பெரிய கம்பெனிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை. உங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 130 முதல் 160 டாலர் வரும். டிக்கெட்டோடு சேர்த்து ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்களா என்று ஏஜெண்டிடம் கேட்டுப் பாருங்கள். கட்டியிருந்தால் அந்தச் செலவும் இல்லை.

உங்கள் பயத்தின் அடியில் உடம்பு பற்றிய கவலை இருக்கிறது என்று கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தபோது தோன்றியது. மனைவிக்குச் சர்க்கரை, திடீரென்று ஏதாவது ஆனால் கையில் காசு வேண்டாமா என்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் அதற்கும் ரொக்கம் விடையில்லை. கப்பலில் இருக்கும் மருத்துவமனையும் கட்டணத்தை உங்கள் கணக்கில்தான் ஏற்றும், அது லேசாகவும் இருக்காது. அங்கே உதவுவது கிரெடிட் கார்டில் மிச்சம் இருக்கும் லிமிட்டும், ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்து எடுத்த பயணக் காப்பீடும்தான். காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் ஊர் திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்பதால் பில், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒன்றரை லட்சம் ரூபாய் நோட்டு

இந்தியாவிலிருந்து வெளியே போகும்போது ஒருவர் எடுத்துப்போகக்கூடிய இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரைதான். இருவருக்கும் சேர்த்து 50,000. அதற்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தில் மாட்டுவீர்கள். அப்படியே கொண்டுபோனாலும் கப்பல் கவுண்டரில் ரூபாயை மாற்றித் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். உங்கள் டிக்கெட் நகலில் கப்பலின் கணக்கு நாணயம் அமெரிக்க டாலர் என்று இருக்கிறது. திரும்பி வந்து ஆட்டோவுக்கும் டீக்கும் ஆகும் அளவுக்கு ரூபாய் வைத்திருந்தால் போதும்.

கப்பல் ஏடிஎம்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கப்பலில் ஏடிஎம் இருக்கும். டாலர் நோட்டு தரும். ஆனால் வேறு கடை இல்லாத இடத்தில் ஒரே கடை வைத்திருப்பவரின் விலைதான் அதற்கு. மெஷின் கட்டணமே ஒரு தடவைக்கு ஐந்தாறு டாலருக்கு மேல் போவது சகஜம். அது முதல் வெட்டு. அப்புறம் நம்ம ஊர் வங்கி வெளிநாட்டு ஏடிஎம்முக்கு என்று 150 ரூபாய் அளவில் ஒரு தொகையும், நாணய மாற்றுக்கு மார்க்-அப் என்று பொதுவாக 3.5 சதவீதமும் பிடிக்கும். இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி.

கணக்குக்காக ஒரு டாலர் 90 ரூபாய், மெஷின் கட்டணம் 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டெபிட் கார்டில் 100 டாலர் எடுக்கிறீர்கள். 9,000 ரூபாய் மதிப்புள்ள நோட்டு கைக்கு வரும், கணக்கிலிருந்து 10,100 ரூபாய்க்குச் சற்று மேலே போயிருக்கும். ஏறக்குறைய 12 சதவீத நஷ்டம். அதே கார்டில் 300 டாலரை ஒரே தடவையில் எடுத்தால் நஷ்டம் 1,850 ரூபாய் சுமார், அதாவது 7 சதவீதத்துக்குள். ஆகவே வேறு வழியே இல்லாமல் அங்கே எடுக்க நேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள்.

கிரெடிட் கார்டில் எடுத்தால் இன்னும் மோசம். நீங்கள் சொல்லும் 45 நாள் சலுகை பொருள் வாங்கும்போது மட்டும்தான். ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ரொக்கம் எடுத்ததற்கென்று தனிக் கட்டணம் வேறு, பொதுவாக 2.5 சதவீதம் அல்லது 500 ரூபாய், எது அதிகமோ அது. மேலே சொன்ன 300 டாலரை இப்படி எடுத்து ஒரு மாதம் கழித்துக் கட்டினால், மெஷின் கட்டணம், மார்க்-அப் இவற்றுக்கு மேல் இன்னொரு இரண்டாயிரம் ரூபாய் அளவில் போகும்.

கரையிலும் கப்பலிலும் ஒரு கண்ணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டைப் போட்டதும் திரையில் ‘ரூபாயிலேயே கழித்துவிடட்டுமா?’ என்று கேட்டு, ரூபாய்த் தொகையையும் காட்டும். தெரிந்த நாணயம்தானே என்று பலர் ஆமாம் போட்டுவிடுகிறார்கள். அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்த மெஷின்காரர். அதில் அவருடைய லாபமும் இருக்கும். எப்போதும் மறுத்துவிட்டு, அந்த ஊர் நாணயத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

சகலை சொன்ன காசினோ

சகலை சொன்னதில் பாதி உண்மை. சில கப்பல்களில் காசினோ கேஷியரிடம் அறைக் கார்டைக் கொடுத்து ரொக்கமோ, ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லையான சிப்போ வாங்க முடியும். ஆனால் இலவசம் இல்லை. பல கம்பெனிகள் 3 முதல் 5 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தொகை கப்பல் கணக்கில் ஏறி உங்கள் கிரெடிட் கார்டுக்கு வரும்போது வழக்கமான மார்க்-அப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் கூட்டினால் கப்பல் ஏடிஎம் பக்கத்தில் வந்து நிற்கும். தவிர, சூதாட்டம் தொடர்பான செலவுக்குக் கார்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நம் வங்கிகளின் நிபந்தனைகளில் இருக்கும். ஆடாமல் சிப்பை வாங்கித் திரும்பக் கொடுத்துக் காசாக்குவதைக் கப்பல்காரர்களும் கவனிக்கிறார்கள். சகலைக்கு அப்போது கட்டணம் தெரியாமல் போனதற்குக் காரணம், கடைசிப் பில்லை அவர் வரிவரியாகப் படித்திருக்க மாட்டார் என்பதாக இருக்கலாம். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

‘இங்கே ரூபாய், அங்கே டாலர்’

இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உதவி என்ற பெயரில் வந்தாலும் இது ஹவாலாதான். அங்கீகாரம் பெற்ற வங்கியோ செலாவணி நிறுவனமோ அல்லாத ஒருவரோடு அந்நியச் செலாவணிக் கொடுக்கல் வாங்கல் வைப்பதை ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கிறது. பிடிபட்டால் 13-வது பிரிவின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ஒன்றரை லட்சத்துக்கு நாலரை லட்சம். அதோடு சிங்கப்பூரில் அந்த ‘ஆள்’ வரவில்லை என்றால் நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? புகார் எழுதினால் முதலில் உங்கள் தவறைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரில் உங்கள் பிள்ளையோ உறவினரோ இருந்து, அவர் வீட்டில் தங்க வைத்து ஊர் சுற்றிக் காட்டிச் செலவு செய்தால் அது வேறு விஷயம். அது விருந்தோம்பல், அதில் தவறில்லை. அதை ஈடுகட்ட இங்கே அவர் கணக்கில் ரூபாய் போடுவோம் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

நான் சொல்லும் ஏற்பாடு

செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குள் ஆவது கணக்கில் ஏறட்டும். கரையில் ஆவதற்கு மட்டும் நோட்டு. அந்த நோட்டையும் திருச்சியிலேயே வாங்கிவிடுங்கள். உங்கள் இருவருக்கும் 500 அமெரிக்க டாலரும் 300 சிங்கப்பூர் டாலரும் தாராளமாகப் போதும். நீங்கள் யோசித்த ஒன்றரை லட்சத்தில் இது பாதிகூட வராது.

உங்கள் வங்கியிலோ, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற செலாவணி நிறுவனத்திலோ கேளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து, ‘எல்லாம் சேர்த்து என்ன விலை?’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும். கமிஷன் இல்லை என்று பலகை வைத்திருப்பவர் விலையிலேயே அதை ஏற்றி வைத்திருக்கலாம். அன்றைய சந்தை விலையைவிட டாலருக்கு ஒன்றரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்றால்கூட, 300 டாலருக்கு நஷ்டம் 450 ரூபாய். ஜிஎஸ்டி ஐம்பது ரூபாயை ஒட்டி. கப்பல் ஏடிஎம்மில் இதே தொகைக்கு 1,850 என்று பார்த்தோம் அல்லவா? விமான நிலையக் கவுண்டரை மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே விலை பெரும்பாலும் அதிகம்.

பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், விசா நகல் கேட்பார்கள். பயணத்துக்கு 60 நாளுக்குள் வாங்கலாம். தொகை 50,000 ரூபாயை எட்டினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கிப் பரிமாற்றமோ காசோலையோதான். நோட்டாக ஒருவருக்கு 3,000 டாலர் மதிப்பு வரை தருவார்கள், உங்கள் தேவை அதற்கு எங்கோ கீழே. பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வரி விஷயம்: பேக்கேஜ் அல்லாத பயணச் செலவுக்கு 20 சதவீத டிசிஎஸ், அதாவது நாணயம் விற்பவரே உங்களிடம் முன்கூட்டிப் பிடிக்கும் வரி என்பது 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்குத்தான். இந்த நோட்டுக்கு அது வராது. கப்பல் பேக்கேஜுக்கு ஏஜெண்ட் பிடித்தது தனி. அதுவும் கரைந்துபோன பணமில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

நோட்டை வாங்கும்போது சுத்தமான நூறு டாலர், ஐம்பது டாலர் நோட்டுகளாகக் கேளுங்கள். தாய்லாந்தில் பெரிய நோட்டுக்கு ஒரு விலை, ஒன்று ஐந்து டாலர் நோட்டுக்குக் குறைந்த விலை. பேனாவால் கிறுக்கிய நோட்டு, ஓரம் கிழிந்த நோட்டு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இனி கரை. பினாங்கில் பெரும்பாலான கப்பல்கள் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில்தான் கட்டும். இறங்கி நடக்கும் தூரத்தில் லெபு பந்தாய் தெருவில் வங்கிகள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. அங்கே நாணய மாற்றுக் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். தமிழிலேயே விலை கேட்கலாம். சிங்கப்பூர் டாலரையோ அமெரிக்க டாலரையோ அங்கே கொடுத்து அன்றைய தேவைக்கு மட்டும் ரிங்கிட் வாங்குங்கள். கப்பலின் கவுண்டரில் மாற்ற நினைத்து வரிசையில் நிற்க வேண்டாம்.

புக்கெட்டில் பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சிறு படகில் கரை சேர்ப்பார்கள். படோங்கில் தெருவுக்குத் தெரு நாணய மாற்றுக் கூண்டுகள் உண்டு. நூறு டாலர் நோட்டை அங்கே மாற்றுங்கள், பாஸ்போர்ட் நகலையாவது கையில் வைத்திருங்கள். ஏடிஎம் வேண்டாம். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம், ஐந்நூறு ரூபாயைத் தாண்டும். ஆயிரம் பாட் எடுக்கப்போய் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டணமாகக் கொடுப்பதா?

சிங்கப்பூரில் கவலையே இல்லை. கடைகளில் கார்டு ஓடும். உணவங்காடிகளுக்கும் சில்லறைச் செலவுக்கும் நோட்டு போதும். குறைந்தால் சிராங்கூன் சாலைப் பக்கமோ முஸ்தபா கடையிலோ மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்நூறு டாலரில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் 200 போனால் 300 மிஞ்சும். அதை வைத்துக் கப்பல் பில்லைக் கட்டிவிடுங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை. கப்பல் கணக்குக்கு உத்தரவாதமாகக் கிரெடிட் கார்டைப் பதிந்திருந்தாலும், கடைசி நாள் இரவுக்குள் வரவேற்புக் கவுண்டரில் டாலராகக் கட்டிக்கொள்ளப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. கார்டில் போனால் மார்க்-அப்பும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம். ஊரில் வாங்கிய நோட்டில் அதில் பாதிதான் நஷ்டம். கடைசி இரவு வரிசை நீளமாக இருக்கும், அதற்கு முந்தின மதியமே போய்விடுங்கள். அதுவரை நோட்டு அறையின் லாக்கரில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் கார்டு வேலை

உங்கள் ரூபே கார்டை முதலில் பாருங்கள். சாதாரண ரூபே கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான், கப்பலில் அது வெறும் பிளாஸ்டிக். வெளிநாட்டில் செல்லும் ரூபே வகைகளும் உண்டு, ஆனால் எல்லா மெஷினிலும் ஏற்பார்கள் என்ற உறுதியில்லை. வங்கியில் கேட்டு, விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்க்-அப் வசூலிக்காத கார்டுகளும் சில வங்கிகளில் கிடைக்கின்றன. வெளிநாடு போய்வருவது தொடருமானால் அதைப் பார்க்கலாம்.

கிரெடிட் கார்டானாலும் டெபிட் கார்டானாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களாகத் திறக்க வேண்டும். 2020-இலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன. ஊரில் இருக்கும்போதே ஆப்பில் திறந்துவிடுங்கள். கடலுக்குப் போனபின் ஓடிபி வராது. வந்தாலும் கப்பலின் செல் நெட்வொர்க்கில் ரோமிங் கட்டணம் தாளிக்கும். கப்பல் நகர்ந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டையோ, வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டையோ பதியாதீர்கள். தினமும் ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்தி வைப்பார்கள். அது விடுபடச் சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். டெபிட் கார்டில் அது உங்கள் பென்ஷன் பணம், கிரெடிட் கார்டில் வெறும் லிமிட். இருக்கும் இரண்டு கார்டையும் ஒரே பர்ஸில் வைக்க வேண்டாம், ஒன்று உங்கள் மனைவியிடம் இருக்கட்டும்.

ஊர் திரும்பியபின் நோட்டு மிஞ்சினால் பதற வேண்டியதில்லை. 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். ரிங்கிட், பாட் சில்லறைக் காசுகளை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். அவற்றை அந்தந்த ஊரிலேயே காபிக்கோ இளநீருக்கோ செலவழித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்.